மூடியும் போகாத திரைகள்

'டமார்!'

எஃகுக் கதவு முப்பத்தெட்டாவது முறையாக முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது.

ரேடியோ பல்லைக் கடிக்கப் பார்த்தான். முடியவில்லை. பற்கள் ஏற்கெனவே தங்களுக்குள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கூரை வரை அடுக்கியிருந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே, அந்தக் குளிர் அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரே பிராணி அவன்தான். அந்த மூச்சும் வெளியே வந்ததும் வெள்ளையாகி, 'இனிமேல் உனக்கும் எனக்கும் ஒட்டில்லை, உறவில்லை' என்பதுபோல் தனியாகப் போய்விட்டது.

வேலை என்னவோ சுலபம்தான். உள்ளே வர வேண்டும். ஒரு பெட்டியை இடது அடுக்கிலிருந்து வலது அடுக்குக்கு மாற்ற வேண்டும். கழுத்தில் தொங்கும் போனில் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். 'ட்ரிங்' என்று சத்தம் வரும். போனில் இருக்கும் திரை மூடிக்கொள்ளும், கதவு திறந்துகொள்ளும். வெளியே போய் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி உள்ளே வர வேண்டும். முப்பத்தேழு தடவை அப்படித்தான் நடந்தது.

பச்சைப் பொத்தானை அமுக்கினான்.

ட்ரிங் வரவில்லை.

மறுபடி அமுக்கினான். கட்டைவிரலால், ஆள்காட்டி விரலால், கடைசியில் மூக்கால்கூட. போனில் ஓடிக்கொண்டிருந்த நிமிடக் கணக்கு 02:14-இல் நின்றுபோயிருந்தது. திரை கல்லாகிவிட்டது. கதவு அசையவில்லை. உள்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் அவனைப் பார்த்து முழித்தன.

"மேடம்!"

கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தான். வெளியே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்திருந்தார் முடிச்சு. ஐம்பது வயது, குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. யாராலும் அவிழ்க்க முடியாத மென்பொருள் சிக்கலை எல்லாம் அவிழ்ப்பதால் வந்த பெயர் அது. உதவியாளன் ரேடியோவுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் இன்னும் எளிது. அவன் வாய்க்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது.

அவன் இரண்டு கையாலும் கதவைக் குத்தினான். முடிச்சு நிமிர்ந்து பார்த்தார். ஒரு விரலை உயர்த்தினார். 'பொறு.'

பொறுப்பதா? காதுமடல் இருக்கிறதா, கழன்று விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. வெளியே நாலடி தூரத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், ஒரு கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சுவர்கள் ஒவ்வொன்றும் ஓரடி முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. போன வாரம் இதே இடத்தில் நின்ற மனிதருக்கு வெளியே யாருமே இல்லை. அந்த நினைப்பு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. ரேடியோவின் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கதவு திறந்தது. வெளிக்காற்று வெந்நீர் மாதிரி முகத்தில் விழுந்தது.

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு," என்றார் முடிச்சு. "எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"நாப்பத்தேழு நிமிஷம் உள்ளே இருந்தவர் எப்படி இருந்திருப்பார்னு ஒத்திகை பார்த்தேன் மேடம். ஒத்திகையே போதும், நாடகம் வேண்டாம்."

பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காண்பித்தார். "மூணு பத்து. அஞ்சு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் போகுது. டைப் பண்ணி ரெடியா இருக்கு. நீங்க ஆளை உள்ளே விட்டு வெளியே விட்டு விளையாடிக்கிட்டு இருக்கீங்க."

கதை இதுதான். குளிர் அறைக்குள் தனியாகப் போகிற லோடுமேன்களின் பாதுகாப்புக்காக அந்தக் கம்பெனி ஓர் ஆப் வைத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் போனில் ஒரு திரை திறக்கும், நிமிடங்களை எண்ணும். யார் எப்போது வெளியே வந்தார் என்பது அவர் பெயரோடு கணினி அறையில் பதிவாகும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவர் உள்ளேயே இருந்தால் ஆபீசில் மணி அடிக்கும். ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு லோடுமேன் உள்ளே இருந்தபோது ஆப் உறைந்துபோனது. கதவும் திறக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. நாற்பத்தேழு நிமிடம் கழித்து, லாரியைப் பின்னால் எடுத்த ஒரு டிரைவர் காதில் தட்டுகிற சத்தம் விழுந்ததால் ஆள் பிழைத்தார். இடது கையில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயின.

ஆப்பைக் கவனித்துக்கொள்ளும் புரோகிராமர் ஒரு பெண். அந்த லோடுமேனின் மனைவி. ஒரு வருடமாக இருவரும் பிரிந்து இருக்கிறார்கள்.

"பதினொரு பேர் இதே ஆப்பைத்தான் வெச்சிருக்காங்க," என்றார் மேனேஜர். "பதினொண்ணுல புருஷன் போன் மட்டும் எப்படி உறையும்? சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும் மேடம்."

"இப்ப ரேடியோ கழுத்துல இருந்தது யார் போன்?"

மேனேஜர் குனிந்து போனின் பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். "ஏழு. வேற ஒருத்தரோடது."

"அதுவும் உறைஞ்சுதே? இவன் அந்தப் பொண்ணுக்கு மாமனா, மச்சானா?"

"இதுவரைக்கும் இல்லை மேடம்," என்றான் ரேடியோ.

முடிச்சு கதவின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்து, அந்த இரண்டு ஓட்டைகளையும் விரலால் தடவினார்.

"கைப்பிடி?"

"உடைஞ்சுபோச்சு. ஆப் வந்ததுக்கப்புறம் கைப்பிடி எதுக்குன்னு..."

"யார் சொன்னது?"

மேனேஜர் மறுபடி கைக்கடிகாரத்தைத் தட்டினார். முடிச்சு தன் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். மேனேஜருக்கு அந்த நோட்டைப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

* * *

லோடுமேன் ஓய்வறை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, மற்ற கையால் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். புகாரில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள்.

"உங்க சம்சாரம் வேணும்னு செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா?" முடிச்சு சுற்றி வளைக்கவில்லை.

"செஞ்சிருப்பான்னு நான் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "செய்ய மாட்டான்னும் சொல்ல மாட்டேன். பேசியே ஒரு வருஷம் ஆச்சு. யார் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு ஷிப்டுல எத்தனை தடவை உள்ளே போவீங்க?"

"எண்ணினதில்லை மேடம்."

"ஆப் எண்ணியிருக்கு. சராசரி முப்பது. மத்தவங்க எல்லாரும் பதினஞ்சு, பதினாறு. நீங்க மட்டும் ஏன் ரெண்டு மடங்கு?"

"சும்மா உட்கார்ந்தா கண்டதையும் நினைக்கத் தோணும். அதனால அவங்க முறையையும் நானே எடுத்துக்குவேன். அன்னிக்கு வேற ரெண்டு பேர் லீவு."

"அன்னிக்கு முப்பத்தெட்டு." முடிச்சு திரும்பி உதவியாளனைப் பார்த்தார். "என்ன புரியுது ரேடியோ?"

"சோம்பேறியா இருந்தா விரல் பத்திரமா இருக்கும்னு புரியுது."

"சரியாத்தான் சொன்னே."

"நான் ஜோக் அடிச்சேன் மேடம்!"

"இந்த ஆப் ஆளைப் பார்த்து உறையலை. எண்ணிக்கையைப் பார்த்து உறையுது. பதினஞ்சு தடவை போறவன் ஷிப்டு முடிஞ்சு போனை அணைச்சிடறான். அடுத்த நாள் புதுசா ஆரம்பிக்குது. முப்பத்தெட்டு போற ஒரே ஆள் இவர்தான். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒண்ணு மிச்சமாகுது. முப்பத்தெட்டாவதுல மூச்சு முட்டுது." முடிச்சு எழுந்தார். "நீங்களும் வாங்க. அந்தப் பொண்ணைப் பார்க்கப் போறோம்."

"நான் எதுக்கு மேடம்?" லோடுமேன் பெஞ்சை விட்டு அசையவில்லை.

"உங்க விரல் சம்பந்தப்பட்ட விஷயம். வேற யாருக்கோ பேச விட்டுட்டு இங்கே உட்கார்ந்திருக்கப் போறீங்களா?"

* * *

கணினி அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். புரோகிராமரின் அட்டையைக் காலையிலேயே பிடுங்கிவிட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் உள்ளிருந்து தட்ட வேண்டும், யாராவது மனசு வைத்துத் திறக்க வேண்டும். மேனேஜர் தன் அட்டையைக் காட்டியபோது கதவு 'க்ளிக்' என்றது. ரேடியோவின் காதுமடல் ஏனோ மறுபடி ஜில்லிட்டது.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருக்கலாம். தூங்காத கண்கள். முடிச்சைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். கடைசியாக வந்தவரைப் பார்த்ததும் பார்வை அந்தக் கட்டுப் போட்ட கைக்குப் போய், சுட்டுக்கொண்டதுபோல் திரும்பிவிட்டது. லோடுமேன் கதவோரமாகவே நின்றுகொண்டார்.

முடிச்சு லேப்டாப்பை மேஜையில் வைத்தார்.

"ரேடியோ முப்பத்தேழாவது தடவை வெளியே வந்ததும் போனோட மெமரியை ஒரு போட்டோ எடுத்தேன். உள்ளே முப்பத்தேழு திரை இருக்கு. அத்தனையும் மூடின திரை. அத்தனையும் உயிரோட இருக்கு."

"மூடினா போயிடாதா?" என்றார் மேனேஜர்.

"போகணும். மெமரிக்குள்ள ஒரு துப்புரவு ஆள் இருக்கார்னு வெச்சுக்குங்க. யாரும் பிடிச்சுக்காத பொருளைப் பார்த்தா பெருக்கி வெளியே தள்ளிடுவார். ஆனா யாராவது ஒரு விரலால தொட்டுக்கிட்டு இருந்தாக்கூட அவர் அதைத் தொட மாட்டார். மரியாதை தெரிஞ்ச ஆள். போட்டோ எடுக்கறதுக்கு முன்னால அவரை ஒரு தடவை பெருக்கச் சொன்னேன். பெருக்கினார். அப்படியும் முப்பத்தேழும் போகலை. ஒவ்வொண்ணுலயும் கிடங்கோட பெரிய வரைபடம் ஒண்ணு வேற. சின்ன போன், எத்தனையைத் தாங்கும்?"

"அப்ப யாரோ பிடிச்சுக்கிட்டு இருக்காங்க," என்றான் ரேடியோ. "விருந்தாளி கிளம்பினாலும் பையைக் கொடுக்காத வீட்டுக்காரர் மாதிரி."

"நானும் ஒரு வாரமா அதைத்தான் தேடறேன்." புரோகிராமர் முதல் முறையாக வாய் திறந்தாள். குரல் கரகரத்தது. "நிமிஷம் எண்ணற கடிகாரம்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கும்னு நினைச்சேன். அது ஒழுங்கா நின்னுடுது."

"கடிகாரம் நிரபராதி," என்று முடிச்சு ஒப்புக்கொண்டார். "நானும் அதைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன்."

"மேடம், நேரம் போகுது." மேனேஜர் ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் அறைந்தார். கடைசித் துருப்புச்சீட்டு. "இது மாற்றங்களோட பதிவு. பன்னிரண்டு நாளைக்கு முன்னால, சாயந்திரம் நாலு பத்துக்கு, இந்தம்மா ஆப்ல ஒரு மாற்றம் பண்ணியிருக்கா. யார்கிட்டயும் கேட்கலை. காரணம்னு போட்டிருக்கற இடத்துல ஒண்ணுமே எழுதலை. அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் இந்த ஆப் ஒரு தடவைகூட உறையலை. மாத்தின மூணாம் நாள் இவர் உள்ளே மாட்டறார். இதுக்கு என்ன சொல்றீங்க?"

முடிச்சு அவள் பக்கம் திரும்பினார்.

"நீதான் மாத்தினியாம்மா?"

"ஆமா மேடம்."

"ஏன்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேஜையைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா!" மேனேஜரின் முகத்தில் ஒன்பது நாளில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "வாயில கொழுக்கட்டை!"

ரேடியோவுக்கு, இவ்வளவு நேரம் திறந்துகொண்டே வந்த கதவு கடைசி அடியில் 'டமார்' என்று சாத்திக்கொண்டது போலிருந்தது. ஏழாம் எண் போன் உறைந்தது உண்மைதான். ஆனால் எல்லா போனுக்கும் ஒரே ஆப். முப்பது தடவை உள்ளே போகிற ஒரே ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். எண்ணிக்கையை வைத்தே ஆளைக் குறிபார்க்க முடியும்.

முடிச்சு அந்தக் காகிதத்தை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். நிதானமாகப் படித்தார். பிறகு உதவியாளன் பக்கம் திரும்பினார்.

"ரேடியோ, முப்பத்தெட்டு தடவை பச்சைப் பொத்தானை அமுக்கினியே. அதுல என்ன எழுதியிருந்தது?"

"பச்சையா இருந்தது மேடம்."

"எழுத்து?"

"மைனஸ் பதினெட்டுல யார் மேடம் இலக்கியம் படிக்கறாங்க?"

"'போயிட்டு வரேன்'னு எழுதியிருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால வரைக்கும் அதே இடத்துல 'போறேன்'னு இருந்திருக்கு. இந்தப் பொண்ணு மாத்தினது இவ்வளவுதான். ஒரு பொத்தான் மேல ஒரு வார்த்தை."

மேனேஜர் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "பொத்தான்ல எழுத்தை மாத்தினா ஆள் சாவானா? என்ன மேடம், காதுல பூ சுத்தறீங்க?"

"கொஞ்சம் இருங்க. இப்பத்தான் ஆளைப் பிடிக்கப் போறேன்." முடிச்சின் விரல்கள் லேப்டாப்பில் ஓடின. "முப்பத்தேழு திரையையும் ஒரே ஆள்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கார். பேரு காவலாளி. பத்து நிமிஷம் ஆனா மணி அடிக்கறாரே, அவர்தான். திரை திறந்ததும் அவர் பட்டியல்ல பேரைப் பதிஞ்சுக்குவார். மூடும்போது அந்தப் பேரை அழிக்கணும். அழிக்கலை. இவரை எழுதினது யார்?"

"எனக்கு முன்னால இருந்தவர் மேடம்," என்றாள் புரோகிராமர். "அதை நான் தொட்டதே இல்லை. ஓடிக்கிட்டு இருந்தது, அதனால..."

"அதனாலதான் நீ அங்கே தேடலை. இதோ பார்." முடிச்சு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "ஆரம்பத்துல ரெண்டு பொத்தான் இருந்திருக்கு. வேலை முடிஞ்சு போனா 'போறேன்'. பாதியில வெளியே எட்டிப் பார்த்துட்டுத் திரும்பறதா இருந்தா 'இதோ வரேன்'. அந்த மனுஷன் பொத்தான்ல இருக்கற வார்த்தையையே படிச்சு முடிவு எடுக்கற மாதிரி எழுதியிருக்கார். வார்த்தை 'வரேன்'னு முடிஞ்சா, ஆள் திரும்பி வரப் போறான். மணி அடிக்காதே, ஆனா அவன் திரையை விடாம பிடிச்சு வை. அப்புறம் ரெண்டாவது பொத்தானை யாரும் உபயோகிக்கலைன்னு எடுத்துட்டாங்க. விதியை எடுக்க மறந்துட்டாங்க."

அவள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"'போயிட்டு வரேன்'..." என்று முணுமுணுத்தாள். "அதுவும் 'வரேன்'லதான் முடியுது."

"அதேதான். ஒவ்வொரு திரையும் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்'னு சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல அதுக்குப் போறேன்னுதான் அர்த்தம். காவலாளிக்கு அது தெரியலை. சொன்னா சொன்னபடி வருவாங்கன்னு நம்பி, பாவம், முப்பத்தேழு பேருக்கும் இடம் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"வேற எந்த ஊர்ல இருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது மேடம்," என்றான் ரேடியோ. "அங்கெல்லாம் போறவன் போறேன்னு சொல்லித் தொலைச்சிடுவான்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

முடிச்சு அந்த விதியிலிருந்து ஒரே ஒரு வரியை அழித்தார். ஏழாம் எண் போனில் புது ஆப்பை ஏற்றி, கதவில்லாமல் வெறும் திரையை மட்டும் வேகமாகத் திறந்து மூடும்படி லேப்டாப்புக்கு உத்தரவு போட்டார். பத்து. இருபது. நாற்பது. நூறு. பிறகு ஒரு போட்டோ. மூடின திரை ஒன்றுகூட உள்ளே இல்லை.

"சரி," என்றார் மேனேஜர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் காகிதத்தை விடவில்லை. "எப்படி நடந்ததுன்னு சொல்லிட்டீங்க. தெரியாம நடந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? பழைய விதி இருக்கறது தெரிஞ்சே அந்த வார்த்தையைப் போட்டிருந்தா? ரெண்டு வருஷமா இருந்த வார்த்தையைத் திடீர்னு எதுக்கு மாத்தணும்? காரணம் இல்லாம யாராவது மாத்துவாங்களா? புகார் புகார்தான்."

"அனுப்புங்க. ஆனா இன்னொரு பேரையும் சேர்த்துக்குங்க." முடிச்சு நோட்டைத் திறந்தார். "கைப்பிடி இருந்திருந்தா ஆப் உறைஞ்சாலும் அவர் ரெண்டு செகண்டுல வெளியே வந்திருப்பார். அதைத் திரும்ப மாட்ட வேண்டாம்னு சொன்னவர் பேரு. ஸ்பெல்லிங் சொல்றீங்களா, இல்லை நானே எழுதிக்கவா?"

மேனேஜர் புகாரைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆனால் ரேடியோ கதவோரம் நின்ற மனிதரைக் கவனித்தான். அந்த முகத்தில் நிம்மதி இல்லை. மேனேஜர் கேட்ட கேள்வி அவருடைய கேள்வியும்தான். ஆப் எப்படி உறைந்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். அவள் தன்னைச் சாகடிக்கப் பார்த்தாளா, இல்லையா? அந்த ஒன்று தெரியாமல் அவர் இந்த அறையிலிருந்து எங்கே போனாலும் குளிர் அறைக்குள்தான் நிற்பார்.

முடிச்சும் அதைப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தணித்தார்.

"காரணம் எழுதற இடத்தை ஏம்மா காலியா விட்டே?"

"அதுல எழுதற மாதிரியான காரணம் இல்லை மேடம்."

"பரவாயில்லை. எனக்குச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். எதிரே இருந்த முடிச்சைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்றவரின் கட்டுப் போட்ட கையை, இந்த முறை பார்வையைத் திருப்பாமல் பார்த்தாள்.

"போன வருஷம் வீட்டு வாசல்ல நின்னு அவர் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிட்டுப் போனார் மேடம், அவர் பேருக்கு நேரா அதே 'போறேன்' ஒரு நாளைக்கு முப்பது தடவை என் கம்ப்யூட்டர்ல வந்து விழறதை என்னால பார்த்துக்கிட்டு உட்கார முடியலை."